ரோட்டால வந்த வயிறு

தோட்டத்து மருத்துவிச்சியின் பிழைப்பு இரண்டே வாசனையில் அடங்கிவிடும்: ஒன்று பினாயில், மற்றது நீங்கள் நினைக்கிறதுதான். கைக்குழந்தைக்கு வயிற்றால் போய், பொழுது முழுக்கத் துணி அலசி அலுத்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நாமெல்லாம் ஒரே இனம், ஒருவர் பாடு மற்றவருக்குத் தெரியும். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து வாசிக்கலாம். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

எனக்கு மாத்தளை டவுன். வேலை கிடைத்தது எல்கடுவப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், எண்பதுகளின் ஆரம்பத்தில். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே யாரும் என்னை மருத்துவிச்சி என்று கூப்பிட்டதில்லை, மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள். பிரசவம் பார்ப்பதுதான் வேலை என்று நினைத்துப் போய்ச் சேர்ந்தேன். போன பிறகுதான் தெரிந்தது, பிள்ளையை வெளியே எடுப்பது சுலபம், வந்த பிள்ளையை இரண்டு வயது வரைக்கும் வைத்திருப்பதுதான் பாடு என்று.

மார்கழி, தையில் மலையில் பனி இறங்கும். கூடவே ஒரு நோயும் இறங்கும். முதலில் வாந்தி, கொஞ்சம் காய்ச்சல், பிறகு தண்ணீர் தண்ணீராகப் போகும். பெரியவர்களை அது திரும்பிக்கூடப் பார்க்காது. தவழுகிறதும் தத்தித் தத்தி நடக்கிறதும்தான் அதற்கு வேண்டும். ஒவ்வொரு பனிக்காலத்திலும் ஆட்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளிலிருந்து ஒரு சின்னப் பெட்டியாவது இடுகாட்டுக்குப் புறப்படும். பெட்டி புறப்படாத ஒரே ஒரு பனிக்காலத்தை இந்தத் தோட்டத்தில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. அந்த மல்லுக்கட்டு எப்படி நடந்தது என்பதைத்தான் துண்டு துண்டாகச் சொல்கிறேன்.

குழாயை மூடியது

ராசாத்தி கொழுந்து பறிக்கிறவள். அவள் புருஷன் முனியாண்டிக்கு ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற இடத்தில், வேலை. அவர்களுக்கு முதல் பிள்ளை, ஆண் பிள்ளை, அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தது. நான் போன முதல் பனிக்காலத்தில் அதற்கு வாந்தியும் போக்குமாக வந்தது. பல் முளைக்கிறது என்றார் ஒருவர், கண் பட்டது என்றார் ஒருவர், குடல் விழுந்துவிட்டது என்று பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிவிட்டுப் போனார் ஒருவர். என்னைக் கூப்பிடும்போது பிள்ளைக்குக் கண் உள்ளே போய், உதடு காய்ந்து, அழுதால் கண்ணீர் வராத நிலை. தண்ணீர் கொடுத்தீர்களா என்று கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். கொடுத்தால் அப்படியே போய்விடுமாம், அதனால் நிறுத்திவிட்டார்களாம். குழாய் ஒழுகினால் திருகி மூடுவதில்லையா, அந்தக் கணக்கு.

தோட்டத்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். லொறி டவுனை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் கோபப்படுவது? பிள்ளையை உயிராக வளர்த்தவர்கள், நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள். எட்டாம் நாள் காரியம் முடிந்த பிறகு ராசாத்தியைப் பார்க்கப் போனேன். அவள் அழவில்லை. அடுப்பங்கரையில் இருந்த செம்பைக் காட்டிச் சொன்னாள்:

"கேட்டுச்சு மிஸ்ஸி. கைய நீட்டி நீட்டி அந்தச் செம்பைக் காட்டுச்சு. நாந்தான் குடுக்கல."

ரோட்டா

அடுத்த வருடம் டவுனில் எங்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். அங்கே பேசிய டொக்டர்தான் அந்த நோய்க்குப் பெயர் சொன்னார். பல்லும் இல்லை, கண்ணும் இல்லை, ரோட்டா என்று ஒரு வைரஸ். கருவியில் வைத்துப் பார்த்தால் வண்டிச் சக்கரம் மாதிரித் தெரியுமாம், அதனால் அந்தப் பெயராம். அதைக் கொல்ல மருந்து கிடையாது, போகிற தண்ணீரையும் உப்பையும் வாயால் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அதுவாகப் போய்விடும் என்றார். அதற்கென்று ஜீவனிப் பொடியும் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிரியின் பெயர் தெரிந்துவிட்டதே! மறுநாள் காலை பிரட்டுக்களத்தில், ஆட்களெல்லாம் வேலைக்கு நிற்கிற நேரம் பார்த்து, மேடை போடாத குறையாக அறிவித்தேன்: "இது ரோட்டா வைரஸால வருது!"

அதற்கப்புறம் ஒரு விசித்திரம். காலையில் தாய்மார் பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போவார்கள். வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கிற கட்டடம் அது. எல்லோரும் ரோட்டு வழியாக வருகிறவர்கள், திடீரென்று ஒருத்தியும் ரோட்டில் இல்லை. சேலை கிழிய, அட்டை கடிக்க, தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். என்ன கூத்து என்று கேட்டால், "நீங்கதானே மிஸ்ஸி சொன்னீங்க, ரோட்டால வர்ற வயிறுன்னு!"

ரோட்டா வைரஸ், ரோட்டால வர்ற வயிறு. நான் தலையில் அடித்துக்கொண்டேன். திருத்திப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், சக்கரம் வரைந்து காட்டினேன். சக்கரத்தைப் பார்த்ததும் பஸ்ஸில்தான் வருகிறது என்று முடிவே கட்டிவிட்டார்கள். கடைசியில் பிடித்த பிடியை விட்டுவிட்டேன். "ஆமாங்கடி, ரோட்டாலதான் வருது. கையில ஒட்டிக்கிட்டு வருது. கக்கூசுக்குப் போன கையிலயும், புள்ளைக்குக் கழுவின கையிலயும் இன்னும் பலமா ஒட்டும். சவர்க்காரம் போட்டாத்தான் விடும்" என்றேன். இது அவர்களுக்குப் பட்டென்று பிடித்துவிட்டது. பிள்ளைக் காம்பராவின் ஆயா மாரியாயி வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் வைத்துக் காவல் தெய்வம் மாதிரி நின்றாள். ஒருநாள் பெரிய துரையே காம்பராவைப் பார்க்க வந்தார். மாரியாயி வாசலை மறித்துக்கொண்டு சொன்னது இது:

"தொரைங்களும் ரோட்டாலதானே வந்தீங்க? கைய கழுவிட்டு உள்ள வாங்க."

முழுசும் காலும்

பொடி வந்துவிட்டது, இனி என்ன கவலை என்று இருந்தேன். யானை வாங்கியவன் துறட்டிக்கு அலைந்த கதையாகிவிட்டது. ஒரு பக்கெட்டை, அதாவது ஒரு பொட்டலத்தை, ஒரு லீட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அந்த லயங்களில் லீட்டர் என்று ஒரு சாமான் இல்லை. ஒருத்தி ஒரு கோப்பையில் முழுப் பக்கெட்டையும் கொட்டினாள், பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டு வீட்டையே இரண்டாக்கியது. இன்னொருத்தி ஒரு குடத்தில் கரைத்தாள், அது வெறும் தண்ணீருக்கு அக்கா முறை. மூன்றாவது ஒருத்தி, பிள்ளைக்குப் பழக்கமாயிற்றே என்று சாயத்தண்ணியில், பாலில்லாத தேநீரில், கரைத்து வைத்திருந்தாள். உப்பு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் பலனில்லை என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். அளவு என்ன, அளவு என்ன என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

ஒரு சம்பள நாளுக்கு அடுத்த காலை லயத்துக் கானோரமாக, அழுக்குத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரமாக, நடந்து போகிறேன். இந்தப் பக்கம் ஒரு சாராயப் போத்தல், அந்தப் பக்கம் இரண்டு கால் போத்தல். கோயிலுக்குக் கும்பிடப் போகிறவர்கள் பூ கொட்டிக்கொண்டு போகிற மாதிரி லயம் நெடுக. வழக்கமாக அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அன்றைக்கு நின்றுவிட்டேன். இரண்டையும் பொறுக்கிக் கழுவி, மருந்துக் காம்பராவுக்குக் கொண்டுபோய் அளந்து பார்த்தேன். வாய் தளும்ப ஒரு முழுப் போத்தல், அதே மாதிரி தளும்பத் தளும்ப ஒரு கால் போத்தல், இரண்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு லீட்டர்!

மறுநாள் பிரட்டுக்களத்தில் ஒரு கையில் முழுசும் மறு கையில் காலுமாகப் போய் நின்றேன். ஆண்கள் பக்கம் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "ஒரு பக்கெட்டுக்கு முழுசும் காலும். கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி. போத்தலை வெந்நீர்ல கழுவணும், வாசம் வரக்கூடாது" என்றேன். கணக்கைப் புரியவைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முழுசும் காலும் என்றால் எவ்வளவு என்று அந்தத் தோட்டத்தில் தெரியாத குடும்பம் ஒன்றுகூடக் கிடையாது. சின்னக் கங்காணியின் பெண்சாதி கூட்டத்துக்கு நடுவிலிருந்து உரக்கச் சொன்னாள்:

"இத்தனை வருசமா இந்தப் போத்தல் குடியத்தான் கெடுத்துச்சு மிஸ்ஸி. இப்பவாவது ஒரு நல்ல காரியம் செய்யட்டும்."

காதர் நானாவின் விசாரம்

கானோரம் பொறுக்கினது போதவில்லை. வாய் உடைந்தது, மண்ணெண்ணெய் ஊற்றினது எல்லாம் கழிந்துபோக, நல்ல போத்தல் கொஞ்சமாகத்தான் மிஞ்சியது. டவுனில் பழைய போத்தல், பேப்பர் வாங்கி விற்கிற காதர் நானாவிடம் போனேன். என் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தைத் தெரிந்த மனிதர். வெள்ளைச் சேலையும் குடையுமாக நான் போய் நின்று, சாராயப் போத்தலில் நல்லதாகப் பார்த்து ஒரு சாக்கு வேண்டும், கால் போத்தலும் ஒரு சாக்கு வேண்டும் என்றேன். அவர் எழுந்து, கடைக்கு வெளியே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "மிஸ்ஸி, கோவிக்க வாணாம். தோட்டத்துல சாராயம் காச்சுறவங்க யாரும் ஒங்கள மிரட்டுறாங்களா?"

விஷயத்தைச் சொன்னதும் மனிதர் சிரிக்கவில்லை. முகம் மாறிவிட்டது. அவருடைய மகளின் பிள்ளைக்கும் இரண்டு நாளாக வாந்தியும் போக்குமாம், வீட்டில் தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். என்னை அப்படியே கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். பையிலிருந்த பக்கெட்டை எடுத்து, அவர் கடைப் போத்தலிலேயே கரைத்து, தேக்கரண்டியால் கொடுக்கக் காட்டிக் கொடுத்தேன். தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது என்றேன். அடுத்த வாரம் போத்தல் எடுக்கப் போனபோது பிள்ளை பழைய பேப்பர்க் கட்டின்மேல் உட்கார்ந்து ஒரு மூலையைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. சாக்குகள் கழுவிக் காயவைத்த போத்தல்களோடு தயாராக இருந்தன. காதர் நானா அவற்றை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கண்டக்டருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"பாத்து எறக்குங்க தம்பி, இது குடிக்கிற போத்தல் இல்ல, உசிரு உள்ளுக்கு ஈக்கிற போத்தல்!"

பங்களாவிலும்

பெரிய துரை சிங்களவர். தோட்டத்துத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார், வேலை வாங்குவதில் படு கறார். பிள்ளைக்கு வயிற்றால் போகிற நேரம் தாயை மலைக்கு அனுப்பாதீர்கள், வாந்தி எடுக்கிற பிள்ளைக்குக் கரண்டி கரண்டியாகக் கொடுக்க ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று நான் மூன்று வருடமாகக் கேட்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: "லயத்துல சுத்தம் இருந்தா இந்த வியாதி எப்படி மிஸ்ஸி வரும்?" காம்பராவில் இருபது தொட்டிலுக்கு மாரியாயி ஒருத்தி. அவளுக்கென்ன பத்துக் கையா?

அந்த வருடம் தையில் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. துரையின் சின்னப் பையனுக்கு வாந்தி, போக்கு. கொதிக்க வைத்த தண்ணீர், வெள்ளைத் துண்டு, தனி ஆயா, எல்லாம் இருந்தும் வந்துவிட்டது. துரைசானி எனக்கு முன்னால் நிற்கக் கூச்சப்பட்டு, தங்கள் வீட்டில் எல்லாம் சுத்தம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் சொன்னேன்: "அம்மா, இது யாரோட வீட்டையும் குறை சொல்ல வர்ற நோய் இல்ல. உலகத்துல எல்லாப் புள்ளைங்களும் ஒரு தடவையாவது இதுல விழுந்து எந்திரிக்குதுங்க. எந்திரிக்கிறதுக்குப் பக்கத்துல ஆள் வேணும், அவ்வளவுதான்." துரைசானி பகல் முழுக்கப் பிள்ளையை மடியைவிட்டு இறக்கவில்லை. ஒரு கரண்டி, கொஞ்சம் பொறுத்து இன்னொரு கரண்டி. வாந்தி எடுத்தால் சற்று நிறுத்தி மறுபடியும் ஒரு கரண்டி. துரை பக்கத்தில் நாற்காலி போட்டு, ஸ்டோருக்குக்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் தேறினான். நான் ஒன்றும் கேட்கவில்லை, வாய் துறுதுறுத்தாலும் அடக்கிக்கொண்டேன். மறுநாள் பிரட்டில் துரை கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"வயித்தால போற புள்ளையோட அம்மா மலைக்குப் போகத் தேவையில்ல. காம்பராவுல புள்ளைகிட்ட ஒக்காரணும், அதுவும் வேலைதான். கூலிக் கணக்குல பேர் போடு."

வெள்ளைப் பொடி

பிறகு காலம் கெட்டது. எண்பதுகளின் கடைசி, நாடெங்கும் கிளர்ச்சியும் துப்பாக்கியுமாக, எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டவுனிலிருந்து மலைக்கு ஏறும் வழியில் சோதனைச் சாவடி. நான் கையில் ஒரு அட்டைப் பெட்டி நிறைய ஜீவனிப் பக்கெட்டோடும், ஒரு சாக்கு வெறும் போத்தலோடும் பஸ்ஸில் வருகிறேன். இறங்கச் சொன்னார்கள். வெள்ளைப் பொடி, வெறும் போத்தல். அந்த நாட்களில் குண்டு செய்கிற சாமான் மாதிரியே இருக்கிற இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு போவதற்கு எவ்வளவு புத்தி வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைத் தெரியாதவர்கள் மாதிரி மலையை ரசிக்கத் தொடங்கினார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு மருந்து என்று சிங்களத்தில் சொன்னேன். சிப்பாய் ஒரு பக்கெட்டைக் கிழித்து நாக்கில் தொட்டுப் பார்த்தார். உப்பு. பிறகு போத்தல் எதற்கு என்றார். வாந்தி, போக்கு, லீட்டர், லயம் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டே போனேன். அவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிவிட்டு நின்று கேட்டார். நாலந்தாப் பக்கம் ஊராம், அவர் வீட்டிலும் தவழுகிற பிள்ளைக்குப் போன மாதம் இதேதானாம், லீவு கிடைக்கவில்லையாம். நான் கேட்காமலே கைநிறையப் பக்கெட் எடுத்துக் கொடுத்தேன். எப்படிக் கரைப்பது என்று கேட்டார். நல்லவேளையாக முழுப் போத்தலும் காலும் இரண்டு பாஷையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அந்தக் கணக்கு மட்டும் தனக்கு மிக நன்றாகத் தெரியும் என்று சொல்லிச் சிரித்தார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"போத்தலயி காலயி? ஏக்க நம் மங் ஹொந்தட்டம தன்னவா, மிஸ்ஸி!"

ரோட்டை மூடிய தை

அந்தப் பனிக்காலத்தில்தான் பகலிலும் ஊரடங்கு போட்டார்கள். பஸ் இல்லை, லொறி இல்லை, டவுனுக்குப் போகிற ரோட்டில் நாய்கூட இல்லை. ராசாத்திக்கு இதற்குள் இரண்டாவது பிள்ளை பிறந்து, அதற்கு ஒரு வயது ஆகியிருந்தது. புஷ்பா என்று பெயர். நானே கையில் வாங்கின பிள்ளை. ஊரடங்கு போட்ட மறுநாள் புஷ்பாவுக்கு வாந்தி தொடங்கியது. காம்பராவில் இன்னும் மூன்று பிள்ளைக்கு அதே. மாரியாயி என்னிடம் சண்டைக்கு வந்தாள்: "ரோட்டத்தான் மூடிட்டாங்களே மிஸ்ஸி, இது எந்த வழியால வந்துச்சு?" நான் ஜீவனிப் பெட்டியை எடுத்துக்கொண்டு காம்பராவுக்கு ஓடினேன்.

முனியாண்டி ஓடிவந்தான். சேலைன் ஏற்றினால்தான் பிழைக்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள்ளாலேயே டவுனுக்குப் போகிறேன் என்று நின்றான். பைத்தியமா உனக்கு, வழியில் உன்னைச் சுட்டால் பிள்ளையை யார் சுமப்பது என்று கத்தினேன். உண்மையில் எனக்கும் உள்ளே பயம்தான். பிள்ளை இன்னும் கண் திறந்து பார்க்கிறது, வாயில் விட்டால் விழுங்குகிறது, அந்தத் தைரியம் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. பயத்தை வெளியில் காட்டாமல், "சேலைன் ஊசியால போற அதே உப்புத் தண்ணிதான் வாயால போகப்போகுது, போய்த் தண்ணி கொதிக்க வை" என்று அவனை விரட்டினேன். அவன் முழுசையும் காலையும் தளும்பத் தளும்ப ஊற்றிக் கரைத்துக்கொண்டு வந்தான். அளவு பிசகவில்லை.

ராசாத்தி கரண்டியைப் பிடித்தாள். கொழுந்து பறிக்கிற கை அல்லவா, வேகம் தாங்கவில்லை. படபடவென்று ஊட்டினாள், பிள்ளை அப்படியே கக்கியது. "ஒரு கரண்டி குடு. வாசலுக்குப் போய் மலையப் பாத்துட்டு வா. வந்து அடுத்த கரண்டி குடு" என்றேன். அப்படியே செய்தாள். அன்றைக்கு முழுவதும் தொட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஒரே ஒரு தடவை சொன்னாள், "இந்தப் புள்ள கேக்குறவரைக்கும் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன் மிஸ்ஸி." மற்ற மூன்று தாய்மாரும் அவளைப் பார்த்து அதே மாதிரி நடந்தார்கள். பிள்ளை கக்கியது, கழிந்தது, மறுபடியும் கக்கியது. அழுதது, ஆனால் கண்ணீர் இல்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் மெல்லத்தான் படிந்தது. காலையிலிருந்து ஒன்றுக்கும் போகவில்லை. அதுதான் எனக்குப் பயம். முதல் பிள்ளையும் கடைசியில் ஒன்றுக்குப் போகவில்லை.

வெயில் சாய்கிற நேரம் ராசாத்தியைச் சாப்பிடச் சொல்லி, புஷ்பாவை வாங்கி என் மடியில் வைத்து நான் கரண்டியைப் பிடித்தேன். கக்கி வெகுநேரமாகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. பிள்ளை கரண்டியைத் தானே பிடித்து இழுத்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடியில் சூடாக ஏதோ பரவியது. போக்குதானோ என்று பதறி விலக்கிப் பார்த்தால், இல்லை! வெள்ளைச் சேலை முழுக்க நனைந்து, தரையிலும் வழிகிறது. மருத்துவிச்சி வேலையில் இருக்கிற கண்ணியத்தையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு நான் "போயிட்டாடி!" என்று அலறிவிட்டேன். ராசாத்தி, பாவம், பிள்ளையே போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டு, சோற்றுக் கையோடு ஓடிவந்து, என் சேலையைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, முதல் பிள்ளைக்கு அழாத அழுகையையும் சேர்த்து அழுதாள். நானும் அழுதேன், எதற்கு மறைப்பது? முனியாண்டி மட்டும் அழவில்லை. ஊரடங்காவது ஒன்றாவது என்று லயத்து வாசல் நெடுக ஓடினான். மலை எதிரொலிக்கக் கத்தினான்:

"ஒண்ணுக்குப் போயிருச்சு! ஏலே, எம்மக ஒண்ணுக்குப் போயிருச்சு!"

மற்ற மூன்றும் மறுநாளுக்குள் ஒவ்வொன்றாகத் தேறின. ஊரடங்கைத் தளர்த்தியதும் நாலு பிள்ளைகளையும் டவுனுக்குக் கொண்டுபோய்க் காட்டினோம், டொக்டர் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். மாசி பிறந்து பனி விலகியது. அந்த முறை எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு சின்னப் பெட்டிகூடப் புறப்படவில்லை.

இந்தத் தொழிலில் நான் கையில் வாங்கின பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு வெற்றிலைச் சுருளுக்கு மேல் மரியாதை கிடைத்ததில்லை. ஒரு பிள்ளை என் மடியில் மூத்திரம் பெய்ததற்குத்தான் லயமே திரண்டு வந்து எனக்கு மாலை போட்டது.